மான் நக்கிய சுவர்

"யுரேனியத்தைக் களவெடுத்தவர் ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்று நான் சொன்னதும் அறையில் இருந்த நாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு துப்பறிவாளனுக்கு வாழ்க்கையில் இதைவிட இனிமையான கணம் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்த கணம் ஒரு தும்மல் நேரம் நின்றது.

"யுரேனியம் களவு போகேல்லையே, மிஸ்டர் குணரத்தினம்" என்றார் டாக்டர் இராசமலர். "அது உள்ளுக்குத்தான் இருக்கு. இண்டைக்குக் காலமையும் நிறுத்துப் பார்த்தனான்."

பின்னால் நின்ற லாபிர் தொண்டையைச் செருமினான். "எங்கட சேர் எப்பவும் இப்பிடித்தான் மிஸ். களவு போறதுக்கு முந்தியே கள்ளனப் புடிச்சிருவாரு."

லாபிர் என் உதவியாளன். குறிஞ்சாக்கேணிக்காரன். அங்கே அவனுக்கு ஸல்ஹா என்றொரு மனைவி. இங்கே ஒரு பழைய மொரிஸ் மைனர் காரும் நானும். கார் அவனுடையது. இரண்டில் எது அடிக்கடி நின்றுபோகும் என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்பான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியபோது, தளத்து வாசலில் தொப்பியோடு நின்ற காவலாளிகளில் நானும் ஒருவன். கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் போனவன், என்னை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு உட்துறைமுக வீதியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் அறை எடுத்து, 'குணரத்தினம், தனியார் துப்பறிவாளர்' என்று பலகை மாட்டினேன். இத்தனை வருடத்தில் நான் துப்புத் துலக்கியவை பெரும்பாலும் காணாமற்போன சைக்கிள்கள். அவற்றில் பாதி கீழ்க்கடையிலேயே இருந்தன.

ஆகவே, எழுபத்து நாலாம் ஆண்டு மார்கழி மழையில், குடையை மடக்கிக்கொண்டு இராசமலர் என்ற இந்தப் பெண் விஞ்ஞானி என் படியேறி வந்து யுரேனியம், நியூத்திரன் என்று பேசத் தொடங்கியதும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. உளவாளிகள், நீர்மூழ்கிகள், துறைமுகத்துக்கு வெளியே விளக்கணைத்து நிற்கும் அந்நியக் கப்பல்கள் எல்லாம் கண்முன்னே வந்தன. அவை வந்த சத்தத்தில் அவர் சொன்ன மிச்சம் எனக்குக் கேட்கவில்லை.

"திரும்ப ஒருக்காச் சொல்லுறன்" என்றார் இராசமலர், பொறுமையாக. முப்பது வயது தாண்டியிருக்காது. கண்ணுக்குக் கீழே பல நாள் தூங்காத கறுப்பு.

நாங்கள் நின்றது கோட்டைக்குக் கீழே, டச்சுக் குடாவைப் பார்த்தபடி இருந்த பழைய வெடிமருந்துக் கட்டடத்தில். புல்மோட்டை மணலில் உள்ள கனிமங்களை ஆராயவென்று அரசாங்கம் அதை ஒரு சிறிய ஆய்வுகூடமாக மாற்றியிருந்தது. பின்சுவரோடு ஒட்டி, வெள்ளை மெழுகுக் கட்டிகளைச் செங்கல் போல அடுக்கி, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மேடை கட்டியிருந்தார்கள். பின்சுவரில் ஒரு பெரிய ஓட்டை. அதையும் மெழுகுக் கட்டிகளாலேயே அடைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் களஞ்சிய அறை.

"இந்த மெழுகுக்கு நடுவில ஒரு சின்ன நியூத்திரன் ஊற்று இருக்கு" என்றார். "அதில இருந்து வாற நியூத்திரன் சரியான வேகம். மெழுகில முட்டி முட்டி வேகம் குறையும். ஆறுதலா வாற நியூத்திரனைத்தான் யுரேனியம் லேசாப் பிடிக்கும். பிடிச்ச உடன அணுக்கரு ரெண்டாப் பிளந்துபோகும். பிளந்த துண்டு ரெண்டும் கொதிச்சுக்கொண்டு நிக்கும். அந்தக் கொதிப்பு ஆற வேணுமெண்டா காமாக் கதிரை வீச வேணும்."

"கலியாண வீட்டில சண்டை புடிச்சுப் பிரிஞ்ச சொந்தக்காரர் மாதிரி" என்றான் லாபிர். "படலைக்கு வெளியில வந்தும் கொஞ்ச நேரம் கத்துவாங்க."

இராசமலர் முதல் தடவையாகச் சிரித்தார். "அதேதான். எத்தினை தரம் கத்துவினம், எவ்வளவு உரத்த சுருதியில கத்துவினம் எண்டதை முன்கூட்டியே கணக்குப் பண்ணிச் சொல்லுறதுதான் என்ர வேலை. வெளிநாட்டில இவ்வளவு காலமும் படிச்சது அதைத்தான்."

சுவரில் ஒரு வரைபடத் தாள் ஒட்டியிருந்தது. நீலக் கோடு அவருடைய கணிப்பு. சிவப்புக் கோடு இயந்திரம் அளந்தது. சிவப்பு, நீலத்துக்குக் கீழேயே சோர்ந்துபோய்க் கிடந்தது. ஆனால் வலப்பக்கக் கடைசியில், நீலக்கோடு கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் படுத்துவிட்ட இடத்தில், சிவப்பு மட்டும் மாட்டின் திமில் போல எழும்பி நின்றது.

"இவ்வளவு உரத்த சுருதியில யுரேனியம் இப்பிடிக் கத்தாது. வேற ஆரோ உள்ளுக்கு நிண்டு கத்தினம். ஆரெண்டுதான் எனக்கு விளங்கேல்லை. சுவரைப் பார்த்தன், இரும்பைப் பார்த்தன், ஒண்டும் பொருந்துதில்லை. என்ர சாமானில ஆரோ கை வைச்சிருக்கினம்."

"பிள்ளை" என்றார் ஆய்வுகூடத் தலைவர் டாக்டர் இராசதுரை. சன்னல் ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிழை கணக்கில. நாளைக்குக் காலமை கொழும்பில இருந்து எங்கட ஆய்வைப் பாக்கச் சபை வருகுது. பிழையெண்டு ஒத்துக்கொண்டால் இந்த இடத்தையாவது காப்பாத்தலாம். இல்லாட்டி எல்லாத்தையும் பூட்டிப்போட்டுப் போவினம்."

"செய்யாத பிழையை எப்பிடி சேர் ஒத்துக்கொள்ளுறது?" என்றார் இராசமலர். "இந்த ஆய்வு இஞ்ச நிண்டுபோனா நான் வேற எங்க போய்ச் செய்யிறது?"

இராசதுரை கண்ணாடியை மாட்டக் கையைத் தூக்கினார். அப்போது நான் அவருடைய சட்டைக் கையைப் பார்த்துவிட்டேன். அதில் வெள்ளைத் தூள். யுரேனியக் களவு கைவிட்டுப் போனாலும் சந்தேகப்பட ஒருவர் மிஞ்சினார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வெளியே போனபோது எனக்குக் குடை பிடித்து வந்தவர் களஞ்சியப் பொறுப்பாளர் கோணாமலை. சல்லிக் கிராமத்தவர், ஐம்பது கடந்த, மெலிந்த மனிதர். நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் "ஓம் ஐயா" என்றார். அந்த இடத்தில் என்னை மதித்த ஒரே ஆள் என்பதால், நம்பக்கூடிய ஆளும் இவர்தான் என்று உடனே முடிவுகட்டினேன். என் சந்தேகங்கள் அனைத்தையும் அவரிடம் ஒப்புவித்தேன். துப்பறியும் சாத்திரத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கும். நல்ல பெயராக இருக்காது.

களஞ்சியத்தின் பின்புறம் திரும்பியதும் நின்றுவிட்டேன். கோட்டைக்குள் திரியும் மான்களில் ஒன்று, சுவரின் அடியில் தலையை வைத்து, தண்ணீர் கசிகிற இடத்தை ஆசையாசையாக நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினேன். நகரவில்லை.

"லாபிர், கிட்டப் போகாத!" என்று கத்தினேன். "கதிர்வீச்சு! மானுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு!"

"சேர், அது பாட்டுக்குச் சுவத்த நக்குது. நீங்க குடைக்குள்ள நிண்டு மானோட சண்டை புடிக்கிறீங்க. ஆருக்குப் பேதலிச்சதெண்டு பாக்கிறவன் சொல்லட்டும்."

சொல்லிக்கொண்டே போய், கசிந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு" என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கோணாமலையின் கை ஆடி, குடை சரிந்து, மழை முழுவதும் என் தலையில் விழுந்தது. காற்று என்று நினைத்தேன்.

லாபிர் நாக்கில் எதையோ வைத்துவிட்டான் என்று கேட்டதும் இராசமலர் கையில் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு மழைக்குள் ஓடிவந்தார். "வாயைத் திறவுங்கோ! ஆய்வுகூடத்தில ஆராவது கண்டதையும் நக்குவினமோ?" கருவியை அவன் வாயருகே பிடித்தார். அது எப்போதாவது ஒரு தடவை டிக் என்றது; அவ்வளவுதான்.

"மிஸ், ஸல்ஹாவுக்கு மட்டும் சொல்லிராதீங்க."

"பயப்பிடாதேங்கோ, ஒண்டுமில்லை." கருவியைத் தாழ்த்தினவர், அப்படியே நின்றார். "என்ன ருசி எண்டனீங்கள்?"

"உப்பு மிஸ். நல்ல கறியுப்பு."

மழை அவர் கண்ணாடியில் வழிந்தது. துடைக்கவில்லை. "குளோரின்" என்றார் மெதுவாக. பிறகு உரத்து: "உப்புக்குள்ள குளோரின் இருக்கு! யுரேனியத்துக்குப் போக வேண்டிய நியூத்திரனை அது இடையில பறிச்சுத் தின்னும். திண்டுபோட்டுத் தானும் காமாக் கதிரை விடும், சரியான உரத்த சுருதியில!"

என்னைத் தள்ளிக்கொண்டு களஞ்சியத்துக்குள் ஓடினார். சுவர் ஓட்டையிலிருந்து ஒரு கட்டியை லாபிர் உருவினான். உருவினவன் குனிந்துபோனான். "மெழுகு தண்ணியில மிதக்கிற சாமான். இது கல்லுக் கணக்கா இரிக்கே!"

சுரண்டினோம். வெளியே காகிதத் தடிப்பில் மெழுகு. உள்ளே இறுக்கி உலர்த்திய உப்பு. மார்கழி ஈரத்தில் மெழுகுத் தோல் வெடித்து, உப்பு கசிந்து, களஞ்சியத் தரையால் ஓடி, வெளிச்சுவர் வழியே மானுக்குப் போயிருந்தது. அடுத்த கட்டியும் உப்பு. அதற்கடுத்ததும். முன்பக்கம் பார்வைக்கு மெழுகு. பின்பக்கம், நடு வரைக்கும், நிலாவெளி உப்பளத்து உப்பு.

இராசமலர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்ர கணக்குச் சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை சொன்னார், தனக்கே.

என் நேரம் வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனேன். இராசதுரைக்கு முன்னால் போய் நின்று, அவர் சட்டைக் கையைச் சுட்டினேன்.

"களஞ்சியக் கதவின்ர திறப்பு உங்களிட்டையும் இருக்கு. ஒரு இளம் விஞ்ஞானியின்ர கணக்குப் பிழைக்க வேணுமெண்டு நிண்டதும் நீங்கள்தான். உந்தக் கையில இருக்கிற வெள்ளைத் தூள் என்ன டாக்டர்? உப்புத்தானே?"

இராசதுரை தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். கரம் விளையாடும் போது காய் வழுக்கிப்போகப் பலகையில் தூவுகிற தூள்.

"மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் கரம் விளையாடுறனாங்கள். இது போரிக் தூள். போரன் எண்டால் என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு? நியூத்திரனை உப்பை விட எத்தினையோ மடங்கு விழுங்கும். விழுங்கிப்போட்டுச் சின்னச் சத்தம் ஒண்டோட அடங்கிப் போயிடும். அந்தப் பிள்ளையின்ர வேலையைக் கெடுக்க நான் நினைச்சிருந்தால் உதில ரெண்டு டப்பா போதும். ஒருத்தராலயும் பிடிக்க ஏலாது. அதை விட்டுப்போட்டு, ஊரைக் கூட்டிக் கத்துற குளோரினை ஆரும் வைப்பினமோ? நான் சண்டாளன் எண்டாலும் பௌதிகம் படிச்ச சண்டாளன்!"

"சேர், மன்னிப்புக் கேளுங்க" என்று லாபிர் என் காதில் சொன்னான். "கேட்டுப் பழக்கம்தானே."

கேட்டேன். இராசதுரையின் கோபம் ஆறவில்லை, ஆனால் அவர் சொன்னதிலிருந்து ஒன்று தெளிவாகிவிட்டது. உப்பை வைத்தவனுக்கு நியூத்திரனும் தெரியாது, காமாவும் தெரியாது. யாரையும் கெடுக்க அவன் நினைக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது மெழுகு. வெள்ளையாகவும் கட்டியாகவும் இருந்ததால் உப்பை அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான் என்று எழுத ஆசைதான். சொன்னவன் லாபிர்.

"இறக்குமதி எல்லாம் நிப்பாட்டினதுக்குப் பிறகு மெழுகுதிரிக்கே ஊரில வழியில்ல" என்றான். "மூட்டைக் கணக்கில மெழுகு ஆருக்கு வேணும்? உப்புவெளியில சிவபாக்கியம் அக்கா பத்திக் சேலை போடுறா. துணியில மெழுகால கோலம் கீறித்தான் சாயத்தில தோய்க்கிற. அங்க போவம்."

இராசமலரும் வருவதாகச் சொன்னார். என்னை நம்பி விட முடியாது என்று வாய்விட்டுச் சொல்லாத நாகரிகம் அவருக்கு இருந்தது. புறப்படும்போது நான் ஒரு கட்டளை போட்டேன்.

"கோணாமலையும் எங்களோட வரட்டும். ஊர் ஆக்களை அடையாளம் காட்ட நம்பிக்கையான ஆள் வேணும்."

"ஐயா, களஞ்சியத்தை ஆர் பாக்கிறது?" என்றார் கோணாமலை, ஈனக் குரலில்.

"இனி அதில களவெடுக்க என்ன மிச்சம்?" என்று நான் சிரித்தேன். என் நகைச்சுவைக்கு அவர் சிரிக்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமில்லை, யாரும் சிரிப்பதில்லை.

இராசமலர் முன்னால் லாபிரோடு உட்கார, நானும் கோணாமலையும் பின்னால். வழி நெடுகக் குற்றவாளிகளின் மனோதத்துவத்தை அவருக்கு விளக்கிக்கொண்டு போனேன்.

"கள்ளனைக் கண்டுபிடிக்கிறது லேசு, கோணாமலை. அவனுக்கு வேர்க்கும். கேட்ட கேள்விக்கு மறுமொழி வராது. கை ஓரிடத்தில நில்லாது."

"ஓம் ஐயா" என்று கோணாமலை நெற்றியைத் துடைத்தார்.

பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் லாபிரின் கண் என்னைப் பார்த்தது. "சேர், மழையில பின்னுக்கு ஒண்டும் தெரியுதில்ல. உங்களுக்குத் தெரியுதா?"

"எனக்கு எல்லாம் தெளிவாத் தெரியுது" என்றேன்.

உப்புவெளியில் சிவபாக்கியம் ஓலைக் கொட்டிலுக்குள் நின்றார். முழங்கை வரை நீலச் சாயம். மெழுகு என்று கேட்டதும் பெருமூச்சு விட்டார்.

"கடையில மெழுகைக் கண்டு எத்தினை மாசம்! இப்ப மாவைக் கரைச்செல்லோ கீறுறன். பாருங்கோ, கோடெல்லாம் பிசகிப்போய்க் கிடக்கு. வெள்ளைக்காரிகள் வந்து, இது புது மாதிரி வடிவெண்டு வாங்கிக்கொண்டு போறாளவை."

கொட்டிலில் ஒரு துளி மெழுகில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். அப்போது சிவபாக்கியம் என் தோளுக்கு மேலால் காரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அட, கோணாமலை அண்ணையெல்லே! ஏன் காருக்குள்ள குனிஞ்சிருக்கிறியள்? வெள்ளிக்கிழமை மெழுகு காய்ச்சுவியளோ? போன முறை கை தோய்ச்ச பிறகு எங்கட மாமி தானே சோறு பிசைஞ்சு சாப்பிட்டவா. இந்த முறை அவவின்ர தங்கச்சியும் வரலாமோ எண்டு உங்கட வீட்டு அக்காவிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ!"

கோணாமலை இன்னும் தாழக் குனிந்தார்.

"சேர்" என்றான் லாபிர், மிகவும் மரியாதையாக. "கள்ளனப் புடிச்சிட்டீங்க. புடிச்சதோட நிக்காம காரில ஏத்தி, அவருக்கே பாடமும் நடத்திக்கொண்டு வந்திருக்கீங்க."

கோணாமலை காரை விட்டு இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. இராசமலருக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மிஸ், மனுசிக்குக் கைவிரல் எல்லாம் வாதத்தில முறுகிப்போச்சு. முந்தி ஆசுப்பத்திரியில சுடு மெழுகில கை தோய்க்க விடுறவை. தோய்ச்சால் ரெண்டு நாள் விரல் மடங்கும். பிறகு அவைக்கும் மெழுகு வாறது நிண்டுபோச்சு. ராவில அவள் அழாமல் இருக்கிறதுக்கு வாய்க்குள்ள சீலையைக் கடிச்சுக்கொண்டு கிடப்பாள். நான் முதல் ஒரு கட்டிதான் எடுத்தனான். பிறகு பக்கத்து வீட்டில ஒரு மனுசி வந்தா. வலை பின்னுறவா. அவவுக்கு ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறது? அப்பிடியே ஒவ்வொருத்தராக் கூடிப்போச்சு. சும்மா அடுக்கி வைச்சிருக்கிற மெழுகுதானே, ஆருக்கும் குறை வராதெண்டு நினைச்சிட்டன். உங்கட கணக்கு இதால பிழைக்குமெண்டு சத்தியமா எனக்குத் தெரியாது."

இராசமலர் திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"எந்தப் பக்கத்தால எடுத்தனீங்கள்?"

"களஞ்சியப் பக்கத்தால, மிஸ்."

"நீங்கள் இருந்து வேலை செய்யிற கதிரை எங்க கிடக்கு?"

"அதில... அந்த ஓட்டைக்கு முன்னால."

"கோணாமலை அண்ணை!" அந்தச் சத்தத்தில் கொட்டிலுக்குள் நின்ற பெண்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். "அந்த மெழுகு உங்களுக்காக வைச்சது! நியூத்திரன் உங்களில படாமல் மறிக்க வைச்சது! நீங்கள் அதை எடுத்துப்போட்டு நாள் முழுக்க அதுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறியள்!"

கோணாமலைக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் அவர் கேட்டது தன்னைப் பற்றியல்ல.

"அப்ப... அந்த மெழுகில கை வைச்ச பொம்பிளையளுக்கு?"

"அவைக்கு ஒண்டுமில்லை. மெழுகில நஞ்சு ஒண்டும் தங்காது."

அவர் ஈரமணலில் குந்திவிட்டார். கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "முருகா, முருகா" என்றார். இராசமலர் அவருக்குப் பக்கத்தில் குந்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஊற்று சின்னது, உப்பும் கொஞ்சம் மறித்திருக்கும், பெரிய ஆபத்து இருக்காது, ஆனாலும் இன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

நான் ஒரு கள்ளனைப் பிடித்த முதல் தருணம் அது. அவரைப் பிடித்துக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சல்லியில் கோணாமலையின் மனைவி இரத்தினேஸ்வரி குசினி வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால், அடுப்பில், பெரிய அலுமினியப் பானை. வெள்ளையாய் இருந்த மெழுகு பல கைகள் தோய்ந்து மஞ்சள் நிறமாகியிருந்தது. "வேலை செய்யிற கந்தோரால தந்ததெண்டு சொன்னவர்" என்றார். விஷயத்தைக் கேட்டதும் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பானையை அடுப்பிலிருந்து இறக்கத் தானே போய்க் குனிந்தார். "கொண்டுபோங்கோ பிள்ளை, எல்லாத்தையும். உங்கட வேலை கெட்டுப் போகக்கூடாது."

இராசமலர் தடுத்தார். யோசனையில் இருந்தார்.

"நாளைக்குப் பின்னேரம் கொண்டுபோறன், அக்கா. காலமை எனக்கு உப்புத்தான் வேணும்."

மறுநாள் காலை சபை வந்தது: மூன்று பேர், ஈரச் சப்பாத்துகளோடு. தலைவர் கனத்த மனிதர். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே உள்ளே வந்தார். களஞ்சிய அறையைப் பூட்டி, யாரும் அந்தப் பக்கம் போகாமல் லாபிரை வாசலில் நிறுத்தியிருந்தோம்.

"இந்தச் சுவரின்ர பாதி இப்ப மெழுகில்லை, உப்பு" என்று இராசமலர் தொடங்கினார். "உப்பு இருந்தால் யுரேனியத்தில இருந்து எவ்வளவு காமா வரும், உப்பில இருந்து எவ்வளவு வரும் எண்டு கணிச்சிருக்கிறன். மெஷினை ஓடவிட முந்தி அதை உங்களுக்கு முன்னால ஒட்டுறன். பொருந்தாட்டி நானே கதவைப் பூட்டித் திறப்பைத் தாறன்."

நீலக் கோடு போட்ட புதுத் தாளை ஒட்டினார். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

எனக்கு நியூத்திரன் விளங்காது. ஆனால் சிவப்பு மையூசி அந்தத் தாளில் ஊர்ந்த வேகத்தை என் சாவு வரை மறக்க மாட்டேன். நீலத்தோடு சேர்ந்து நடந்தது. இறங்கின இடத்தில் இறங்கியது. கடைசியில், திமில் எழ வேண்டிய இடத்துக்கு வந்தபோது இராசமலர் கண்ணை மூடிக்கொண்டார். சிவப்பு ஏறியது. நீலம் ஏறிய உயரத்துக்கு ஏறி, நீலம் இறங்கிய இடத்தில் இறங்கியது.

இராசதுரைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கணக்குப் பிழையெண்டு உங்களுக்கு எழுதினது நான்" என்றார் சபையிடம். "பிழை என்ர. கணக்கைத் திரும்பப் பார்க்காமல், சுவரைத் திறந்து பார்க்காமல் எழுதினனான். இந்தப் பிள்ளை சொன்னது முழுக்கச் சரி."

தலைவர் கடிகாரம் கட்டிய கையைக் கீழே போட்டார். தாளுக்குக் கிட்டப் போய் மூக்குப் படுமளவு பார்த்தார். "அருமை. உப்பை வைச்சுச் சோதிச்சுப் பாக்கிற யோசனை ஆருடையது?"

இராசமலர் வாயெடுக்குமுன் கதவோரத்தில் ஒரு அசைவு. கோணாமலை வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"யோசனை இல்லை ஐயா. மெழுகை நான் களவெடுத்தனான். தெரியக்கூடாதெண்டு உப்பை வைச்சனான்."

சொல்லிவிட்டு, எதற்காக எடுத்தார் என்பதையும் சொன்னார். சுருக்கமாக, நியாயம் கேட்காமல். தலைவர் தாளை விட்டு அவர் பக்கம் திரும்பினார். "இவரைக் களஞ்சியத்தில வைச்சிருக்க ஏலாது" என்றார். "வெளி வாசலுக்கு மாத்துங்கோ. மெழுகு திரும்பி வர வேணும்." பிறகுதான் மூலையில் நின்ற என்னைக் கண்டார். "இவர் ஆர்?"

"உப்புச் சப்ளையர்" என்றார் இராசதுரை, முகம் மாறாமல்.

நான் மறுக்கவில்லை.

ஆய்வுகூடம் மூடப்படாமல் தப்பியது. கோணாமலையின் இரத்தச் சோதனை நல்லபடியாக வந்தது. வந்த அன்று இராசமலர்தான் அழுதார். பொங்கலுக்குப் பிறகு, சுவரைத் திரும்பக் கட்டப் புது மெழுகு வேண்டுமென்று அவர் கொழும்புக்கு எழுதினார். எவ்வளவு தேவை என்பதை அவரே கணித்தார். தேவைக்கு மிக அதிகமாக எழுதியிருந்தார். அது எனக்கே விளங்கியது. இராசதுரை அதை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அளவைத் திருத்தாமலே கையெழுத்து வைத்தார்.

மெழுகு வந்த வாரம், ஒரு சனிக்கிழமை காலை, கோணாமலையை ஏற்றிப் போக லாபிரும் நானும் சல்லிக்குப் போனோம். வாசல் காவலுக்கு அவருக்குக் காக்கிச் சட்டை கொடுத்திருந்தார்கள். புதுத் துணி, விறைப்பான பொத்தான் துளைகள். இரத்தினேஸ்வரி அவருக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு பொத்தானாகத் தன் விரலாலேயே பூட்டிக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தான் லேசில் பூட்டுப்படவில்லை. வழுகியது. திரும்பப் பிடித்தார். கோணாமலை மூச்சு விடாமல், நாடியை நிமிர்த்திக்கொண்டு, அசையாமல் நின்றார்.

லாபிர் கார் இயந்திரத்தை நிறுத்தினான். நாங்கள் காத்திருந்தோம்.